அமாவாசைச் சோறும் அவசர ஊசியும்

மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் ஒரு தகரப்பெட்டி வைத்திருப்பேன். தொண்ணூறுகளில் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் நாயோ மாடோ வளர்த்தவர்களுக்கு என் முகம் மறந்திருந்தாலும் அந்தப் பெட்டி நினைவிருக்கும். அதற்குள் இருந்ததெல்லாம் அவசர மருந்துகள். நிற்கப் பார்க்கும் இதயத்துக்கு அட்ரினலின், விஷம் ஏறியதற்கு அட்ரோபின், அதிர்ச்சியில் துவண்டு விழுந்ததற்கு டெக்ஸாமெத்தசோன், கன்று போட்டுவிட்டுப் படுத்த மாட்டுக்குக் கால்சியம் பாட்டில். சென்னை வெயிலில் அட்ரினலின் சும்மா இருக்குமா? பழுப்பேறிக் கெட்டுப்போகும். அதை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். கோபாலபுரத்தில் இரண்டு அறையில் என் கிளினிக். யாராவது என்னை மாட்டு டாக்டர் என்றால் என் மாமியாருக்கு மூக்கு சிவக்கும். "வெட்னரி சர்ஜன்" என்று திருத்துவார்.

எனக்கு அந்தப் பெயரில் ஒரு வருத்தமும் இல்லை. நான் எரிந்து விழுவது வேறொரு பேச்சுக்கு. "ஒரு ஊசி போட்டா சரியாயிடுமில்ல டாக்டர்?" இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி என்ன, கோயில் தீர்த்தமா?

ஆனால் அப்படிக் கேட்க வைத்ததில் அந்த மருந்துகளுக்கும் பங்கு உண்டு. அடையாறில் ஒரு வீட்டில் பொமரேனியன் நாய். அப்போது மாடிக்கு மாடி பொமரேனியன்தான். உண்ணிக்கு என்று வாங்கிய மாட்டு மருந்தை அதன் மேல் அப்படியே தேய்த்திருந்தார்கள். "ஒரு பக்கெட் தண்ணிக்குக் கொஞ்சூண்டு கலக்கணும்னு போட்டிருந்தது டாக்டர். நல்லாப் போகட்டுமேன்னு தண்ணி கலக்காமலே தடவிட்டோம்" என்றார் அந்த வீட்டு அம்மாள், ஏதோ தாராள மனசு காட்டியவர் மாதிரி. நாய் எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டிருந்தது. அட்ரோபின் ஏற்ற ஏற்ற எச்சில் வற்றியது, நடுக்கம் நின்றது, சாயங்காலம் அது பிஸ்கட் தின்றது. அந்த அம்மாள் என் கையில் மந்திரம் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. தடவிய கையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், அதனால் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என் பெட்டியும் நானும் சேர்ந்து வேடிக்கைதான் பார்த்திருப்போம்.

கால்சியம் எனக்கு வாங்கிக் கொடுத்த பெயர் அதைவிடப் பெரிது. மயிலாப்பூர்க் கால்வாய்க்கரைக் குடிசை ஒன்றில் ஒரு பெண் ஒரே ஒரு மாடு வைத்திருந்தாள். ஜெர்சி கலந்த செவலை. அவள் புருஷன் எங்கோ போனவன் போனவன்தான். "இதான் எனக்குப் புருசன், இதான் எனக்கு மாமியா" என்று மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டிச் சிரிப்பாள். பால் கறக்கும் நாளில் மாட வீதிப் பக்கத்துச் சந்தில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுவாள். பிறகு மாட்டைக் கழுவி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, அகத்திக்கீரைக் கட்டுகளோடு குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்துவாள். கோயிலுக்கு வருகிறவர்கள் அவளிடமே கீரை வாங்கி அவள் மாட்டுக்கே கொடுத்துவிட்டு, மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். நகரத்தில் இதைவிடச் சுத்தமான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

அந்த மாடு ஒரு வருஷம் கன்று போட்ட கையோடு படுத்துவிட்டது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டு, கண்ணைத் தொட்டாலும் இமைக்காமல். அதன் சத்தெல்லாம் மடிக்கு இறங்கி ரத்தத்தில் கால்சியம் வற்றிப்போன கோளாறு. கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, மெல்ல மெல்லப் பாட்டிலை இறக்கினேன். அவசரப்பட்டு ஓடவிட்டால் அதே மருந்து இதயத்தை நிறுத்திவிடும். பாட்டில் முடிவதற்குள் மாடு ஒரு ஏப்பம் விட்டது, சாணி போட்டது, உடம்பை ஒரு உதறு உதறி எழுந்து நின்றது. கால்வாய்க்கரையே கைதட்டியது. அவள் என் காலில் விழப் பார்த்தாள். "தள்ளிப் போ, மாடு மிதிச்சுடும்" என்று அதட்டினேன். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன், பொய் சொல்வானேன்.

அதற்கு அடுத்த புரட்டாசியில் வந்தது அந்த மகாளய அமாவாசை.

அன்று உச்சி வேளையில் கிளினிக் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பஞ்சகச்சமும் மேலே ஒரு துண்டும் மட்டுமாய் ஒருவர் இறங்கினார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. யாரென்று தெரிந்தது. மயிலாப்பூர்க்காரர், பாங்க் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், அந்தச் செவலை மாட்டின் பால் வாங்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. எல்லோருக்கும் மாமா, எனக்கும் மாமா.

"டாக்டர், சித்த உடனே வரணும். எங்காத்து வாசல்ல பசு விழுந்துடுத்து. நான் அன்னம் குடுத்துட்டுக் கை அலம்பப் போறேன், பின்னாடி தொப்புனு சத்தம். உங்க பாட்டில் இருக்கோல்லியோ, போன தடவை எழுப்பினேளே, அதை மறக்காம எடுத்துண்டு வாங்கோ."

"மாடு கன்னு போட்டுடுச்சா மாமா?"

"இல்லை, இன்னும் போடலை. இந்த மாசக் கடைசின்னு சொல்லிண்டிருந்தா."

கன்று போடாத மாடு, அமாவாசை அன்று, சோறு தின்றுகொண்டே விழுந்திருக்கிறது. மொபெட்டை அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் ஓட்டியதில்லை.

மாட வீதியில் நுழையவே முடியவில்லை. குளக்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வரும் கூட்டம், எள்ளும் தர்ப்பையும் மிதிபட்ட ஈரத்தெரு, வாழைக்காய் பூசணிக்காய்க் கடைகள். சந்துக்குள் மாமா வீட்டு வாசலில் ஒரு வட்டம் கட்டி நின்றிருந்தார்கள். நடுவில் செவலை வலப்பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா யம்மா! ஏய், டாக்டரம்மா வந்துட்டாங்கடி, எந்திரிடி" என்றாள் மாட்டிடம்.

நான் குனிந்ததும் வாடை முகத்தில் அடித்தது. நாலு நாள் பழைய இட்லி மாவின் புளிப்பு. இடது வயிறு மத்தளம் போல் உப்பியிருந்தது. முஷ்டியால் ஒரு இடி இடித்துப் பார்த்தேன், உள்ளே களக் களக்கென்று நீர் அலம்பியது. கண்கள் குழி விழுந்திருந்தன. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. நாடி எண்ணுவதற்கே நிற்காமல் ஓடியது. பின்பக்கம் கழிச்சல், அதில் முழுசு முழுசாய்ச் சோற்றுப் பருக்கை.

"என்ன தின்னுச்சு?"

"எப்பவும் துன்றதுதான் டாக்டரம்மா. கீர, வாயப்பயம், கொஞ்சம் சோறு."

"எவ்ளோ சோறு?"

அவள் வட்டத்தைப் பார்த்தாள். வட்டத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் ஒரு உருண்டைதான் கொடுத்தேன். நான் ஒரு கைப்பிடி பச்சரிசியும் வெல்லமும். எங்கள் வீட்டில் இரண்டு வாழைப்பழம், அதுவும் சின்னது. ஒருத்தராவது அதிகம் கொடுத்திருக்க வேண்டுமே, கிடையாது. எல்லோரும் ஒரு உருண்டைதான். மகாளய பட்சம் தொடங்கிய நாளிலிருந்து மயிலாப்பூர் முழுக்க ஆளுக்கு ஒரு உருண்டை, அன்றைக்கு அமாவாசை வேறு. மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் ஏற்பட்டது. அதில் வெறும் சோற்றையும் வெல்லத்தையும் கொட்டினால் அது அங்கேயே புளித்து அமிலமாகும், அமிலம் ரத்தத்தில் ஏறும். இதைக் கல்லூரியில் படித்திருந்தேன், கேழ்வரகு மூட்டையை அவிழ்த்துத் தின்ற மாடுகளிடம் பார்த்தும் இருக்கிறேன். ஒரு ஊரே கும்பிட்டுக் கும்பிட்டு ஒரு மாட்டுக்கு இதைச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"அந்தப் பாட்டிலை ஏத்துங்கோ டாக்டர்" என்றார் மாமா.

"ஆமா டாக்டர், கால்சியம் போட்டா எழுந்துருமே" என்றது ஒரு குரல். போன வருஷத்துக் கதை தெரு முழுக்கத் தெரியும்.

"அது வேற நோய், இது வேற நோய்! இப்ப இருக்கிற நிலைமையில அதை ஏத்தினா நெஞ்சு நின்னுடும். யாராவது ஏதாவது செய்யணும்னா போய் ஆப்பசோடா கொண்டாங்க. வீட்ல இருக்கிறது அத்தனையும்."

அமிலத்தை அடக்க அப்போது என் கைக்கு எட்டிய பெரிய மருந்து அதுதான். பெட்டியில் இருந்த சோடா ஊசி ஒரு நாய்க்குப் போதும், மாட்டுக்குக் கால் தூசு. தெரு ஓடியது. குறை சொல்லக் கூடாது, ஆளாளுக்குச் சமையலறையிலிருந்து பொட்டலம், டப்பா, ஸ்பூனோடு கிண்ணம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். மாமாவின் மனைவி பண்டிகைப் பலகாரத்துக்கு வைத்திருந்ததை அப்படியே கவிழ்த்துவிட்டார். வாளியில் கரைத்து, வாய் வழியே குழாய் இறக்கி உள்ளே ஊற்றினேன். சலைன் பாட்டில்களை மாமா வீட்டு ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டினேன். கயிறு நழுவியபோது மாமாவே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அவர் வெறும் முதுகில் சுளீரென்று அடித்தது, அவர் நகரவில்லை. காலையிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணீர் படாத மனிதர். தர்ப்பணம் முடித்து, காக்காய்க்கு வைத்து, பசுவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட வேண்டும். பசு விழுந்ததில் இலை போடவே இல்லை.

ஒரு கட்டத்தில் மாடு தலையைத் தூக்கியது. காதை அசைத்தது. வட்டம் முழுக்க "ஆ" என்றது. எனக்குக்கூட ஒரு நப்பாசை வந்தது. தூக்கிய தலை அவள் மடியில் மறுபடியும் விழுந்ததும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அசை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "மறைக்காம சொல்லு."

"நேத்து சாய்ங்காலத்திலந்தே போடல."

"நேத்திலேருந்தா? அப்பறம் எதுக்கு இன்னைக்கு ஓட்டிக்கினு வந்த? அறிவில்ல?"

"கோவிச்சிக்காத டாக்டரம்மா. பாலு வத்திப் போய் ரெண்டு மாசமாவுது. இந்த அமாசைய வுட்டா எனக்கு வேற இன்னா கீது?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குக் காலீலந்து அது எதையும் வாங்கவே இல்ல. மூஞ்சிய அந்தாண்ட அந்தாண்ட திருப்பிக்கிச்சு. ஜனங்க அயுறாங்க. எங்கப்பா கோவமா கீறாரு, எங்கம்மா என் சோத்த வாணாங்குதுன்னு நடுத்தெருவுல நின்னு அயுறாங்க. நான் இன்னா பண்ணுவேன்? வாயப் பொளந்து, நாக்க இஸ்துப் புடிச்சு, உள்ளாற தள்ளி வுட்டேன்."

தின்ன மாட்டேன் என்று மாடு முகத்தைத் திருப்புவதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். அந்த வாயில்லா ஜீவன் தன்னால் முடிந்த ஒரே பாஷையில், போதும், என்னால் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்த அத்தனை பேரும் தங்கள் செத்துப்போன அப்பா அம்மாவின் கோபம் என்று எடுத்துக்கொண்டு, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான்தான் ரொம்பக் கெஞ்சினேன் டாக்டர்." மேலேயிருந்து மாமாவின் குரல். "எங்கம்மா போய் இதான் முதல் மகாளயம். கடைசிக் காலத்துல தம்பி ஆத்துல விட்டுட்டேன். நான் போய்ப் பாக்கலை. இன்னிக்குப் பசு மூஞ்சியத் திருப்பிண்டதும் எனக்கு உசிரே போயிடுத்து. எப்படியாவது ஊட்டிடும்மான்னு இவ கையப் பிடிச்சுண்டேன்."

மாட்டின் விலாவில் கை வைத்தேன். உள்ளே கன்று உதைத்தது. நல்ல உதை.

அந்த உதையில்தான் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளிக் கொட்டும் அறுவை ஒன்று உண்டு. அதை நேற்றே, மாடு நிற்கும்போதே செய்திருக்க வேண்டும். படுத்து, நாடி விழுந்துவிட்ட மாட்டின் மேல் கத்தி வைத்தால் அது பாதியிலேயே போய்விடும். தாயை இனி யாராலும் பிழைக்க வைக்க முடியாது. ஆனால் கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது, நுரையீரலும் அநேகமாய்த் தேறியிருக்கும். தாயின் ரத்தம் முழுக்கக் கெடுவதற்குள் வெளியே எடுத்தால் ஒருவேளை மூச்சு விடும்.

என் பெட்டியில் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அதுவும் அவசர மருந்துதான். முதலில் தூங்க வைக்கும் ஊசி, பிறகு இந்தப் பாட்டில். மாடு வலி தெரியாமல் போய்விடும்.

அவள் காதருகே சொன்னேன். "தாய் நிக்காதும்மா. இப்பவே தூங்க வச்சுட்டு நான் வயித்தைத் திறந்தா கன்னு கிடைக்கலாம். உறுதி இல்ல. ஆனா காத்திருந்தா ரெண்டும் போகும்."

அவள் அழவில்லை. மாட்டின் நெற்றிக் குங்குமத்தைக் கட்டை விரலால் சரிசெய்தாள். "பொட்டக் கன்னா இருந்தா நான் பொயச்சிக்குவேன்" என்றாள். "போன தபா காள. இதுக்கும் வயசாயிட்ச்சு. போட்ரு யம்மா. இது பல்லக் கடிக்கறத என்னால பாக்க முடியல."

நான் அந்தப் பாட்டிலை வெளியே எடுத்தேன். மாமா பார்த்துவிட்டார்.

"அது என்ன டாக்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். சத்து மருந்து என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வழி விட்டிருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

அவ்வளவுதான், வட்டம் இறுகிவிட்டது. கோயில் பக்கத்திலேயா? அமாவாசையும் அதுவுமாகவா? இந்த வாசலில் பசுவதை நடந்தால் தலைமுறைக்கும் ஆகாது. டாக்டர் என்றால் காப்பாற்றத்தானே படித்தது. ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். மாமா சலைன் பாட்டிலை மனைவி கையில் கொடுத்துவிட்டு எனக்கும் மாட்டுக்கும் நடுவில் வந்து நின்றார். கோபமாக இல்லை. அழுதுகொண்டே நின்றார்.

"வேண்டாம்மா. என் அம்மாவோட அன்னம் அது வயித்துல இருக்கு. அதைச் சாப்பிட்ட பசுவை நானே வாசல்ல வச்சுக் கொன்னேன்னா நான் எங்க போய் நிப்பேன்? அதுவா போற வரைக்கும் விடுங்கோ. உங்களை நமஸ்காரம் பண்ணிக் கேட்டுக்கறேன்."

"அதுவா போறதுன்னா எப்படித் தெரியுமா மாமா? பல்லைக் கடிச்சுக் கடிச்சு, காலை உதைச்சு உதைச்சுப் போகும். கன்னும் உள்ளேயே செத்துப்போகும். அதுக்குப் பேர் புண்ணியமா?" என்று கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். "மாடு உங்களுதில்ல. அவளுது. அவ சொல்லட்டும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பால் வாங்கும் வீடுகள், கீரை வாங்கும் கைகள், பழைய புடவை கொடுப்பவர்கள், மழைக்காலத்தில் கால்வாய் பொங்கினால் மாட்டைக் கட்டிக்கொள்ள இடம் விடும் மாமா. அந்த முகங்களைத் தாண்டி அவளால் என்ன சொல்லிவிட முடியும்?

"கொஞ்சம் இருந்து பாக்கலாம் டாக்டரம்மா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இருந்து பார்த்தோம். தூங்க வைக்கும் ஊசியையாவது கொஞ்சம் போடுகிறேன், வலியாவது குறையட்டும் என்றேன். அதையும் சந்தேகப்பட்டார்கள். மருந்துப் புட்டியைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு வேண்டாம் என்றார் ஒருவர். அவர் படித்து முடிக்கும்வரை நான் நின்றதை நினைத்தால் இன்னும் கை பரபரக்கிறது. யாரோ மாட்டின் வாயில் துளசித் தீர்த்தம் விட்டார்கள், அது கடைவாய் வழியே வழிந்தது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வந்து மாட்டைத் தொட்டுக் கும்பிட வைத்தாள். நான் விலாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கன்று உதைத்தது. சற்றுக் கழித்து மெதுவாக உதைத்தது. பிறகு உதை என்று சொல்ல முடியாத ஒரு நெளிவு.

நிழல் எதிர்ச்சுவர் ஏறும் நேரத்தில் மாடு நாலு காலையும் விறைத்து நீட்டியது. சைக்கிள் மிதிப்பது போல் காற்றில் ஓடியது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது, அந்தச் சத்தம் நின்று நின்று வந்தது. அதைக் கேட்டதும் வட்டத்தில் பாதிப்பேர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"டாக்டர், நெஞ்சுக்குப் போடற ஊசி இருக்குமே, அதைப் போடுங்கோ, போடுங்கோ" என்று மாமா என் பெட்டியைக் கிளறினார்.

"அது செத்ததை எழுப்பற ஊசி இல்ல மாமா. கையை எடுங்க."

மூச்சு நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. கத்தியை எடுத்து மேலே இருந்த இடது விலாவைத் திறந்தேன். யாரோ அலறினார்கள், யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள், அவள் எழுந்து அவர்கள் கையைத் தட்டிவிட்டாள். "வுடுய்யா! இப்ப செத்துப்போச்சில்ல, இப்ப இன்னாய்யா உனக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தச் சந்தே அடங்கியது. இதைக் கொஞ்சம் முன்னால் போட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

உப்பிய வயிறு முதலில் பிதுங்கிக்கொண்டு வந்தது. கத்தி பட்டுக் கிழிந்து, சோறு தெருவில் கொட்டியது. வெள்ளை வெளேரென்ற சோறு, எள் ஒட்டிய உருண்டைகள் உடையாமலே, தோலோடு வாழைப்பழம், கீரைக்காம்பு. அதையெல்லாம் முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டுக் கருப்பையைக் கிழித்தேன். கன்றின் பின்னங்கால் அகப்பட்டது. இழுத்து வெளியே போட்டோம், அவளும் நானும்.

பொட்டைக் கன்று. தாய் மாதிரியே செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. மூக்கைத் துடைத்து, தலைகீழாகத் தூக்கிச் சளி வடித்து, நெஞ்சைத் தேய்த்தேன். ஈரத்துணியிலிருந்து அட்ரினலினை எடுத்து நெஞ்சிலேயே குத்தினேன். ஒரு வைக்கோலை மூக்கில் விட்டுக் கிண்டினேன். அதன் வாயை மூடிக்கொண்டு மூக்கில் என் வாயை வைத்து ஊதினேன். நெஞ்சு சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டை நம்பி ஊதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள்தான் என் முதுகில் கை வைத்து, "போதும் யம்மா" என்றாள்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். இருபத்தெட்டு வயசு, வெட்னரி சர்ஜன், நடுத்தெருவில் ரத்தமும் சாணியுமாக ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. அவள் அழவில்லை. கன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் காதையும் குளம்பையும் புடவைத் தலைப்பால் துடைத்தாள். உயிரோடு பிறந்திருந்தால் எப்படித் துடைப்பாளோ அப்படி.

மாமா மெல்ல வந்து எங்கள் பக்கத்தில் குனிந்தார். அவர் பார்வை கன்றின் மேல் இல்லை. தெருவில் கொட்டிக் கிடந்த சோற்றின் மேல் இருந்தது.

"டாக்டர்," என்றார். "இதுல எங்காத்து அன்னமும் இருக்கோ? உள்ள போயிருக்கோ? அம்மா ஏத்துண்டுட்டாளோல்லியோ?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு பருக்கைகூடச் செரிக்கவில்லை, உங்கள் அம்மாவும் சாப்பிடவில்லை, பசுவும் சாப்பிடவில்லை, எல்லாம் இதோ தெருவில் கிடக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்று அவர் முகத்தில் அடிப்பது போல் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். தலையை நிமிர்த்தாமல், கன்றின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வாங்கிக்கினாங்க சாமி. உங்கம்மா நல்லா வாங்கிக்கினாங்க. என் கையாலதான குடுத்தேன், எனுக்குத் தெரியாதா? நீ போ, போயி துன்னு. காலீலந்து பட்னியா கீற."

மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோயில் பக்கம் கும்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொட்டிக் கிடந்த சோற்றை மிதிக்காமல் சுற்றி, படியேறி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி உள்ளேயிருந்து கூப்பிடுவது வாசல் வரைக்கும் கேட்டது. "இலை போட்டாச்சு, வாங்கோ."